கல்லாப் பெட்டியில் ஒரு நாட்குறிப்பு
(வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)

எழுத வேண்டும் என்ற ஆசை நம் வியாபாரச் சகோதரர்கள் பலருக்கு உண்டு. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "நேரம் ஏது பாய்?" என்பார்கள். அது வெறும் சாக்கு அன்று. விடியுமுன் கடை திறக்க வேண்டும். சரக்கு இறக்க வேண்டும். ஆள் வராத நாளில் முதலாளியே மேசை துடைக்க வேண்டும். நடுவில் கொள்முதலுக்குக் கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ போய் வர வேண்டும். இரவில் கணக்கு முடித்துக் கதவடைக்கும்போது கண் சொருகுகிறது. இப்படிப்பட்ட ஜீவியத்தில் தினமும் எழுதுவது சாத்தியமா? சாத்தியமே. அதற்கு வழி யாது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

முன்னோடி ஒரு வியாபாரி

தமிழில் நாட்குறிப்பு எழுதியோரில் புகழ் மிக்கவர் புலவரோ ஆசிரியரோ அல்லர். நம்மைப் போன்ற ஒரு வியாபாரி. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். துணி, பாக்கு முதலிய சரக்குகளில் வியாபாரம் செய்தார். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். 1747இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். கவர்னர் எந்நேரமும் கூப்பிடுவார்; கடன்காரரும் சரக்குக்காரரும் வாசலில் நிற்பார்கள்; போதாக்குறைக்கு யுத்தம் வேறு. அவரைவிட நமக்கு வேலை அதிகம் என்று சொல்ல நம்மில் யாருக்குத் துணிவு வரும்?

இம்மனிதர் 1736 செப்டம்பர் 6ஆம் தேதி நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761 ஜனவரியில், ஆங்கிலேயரின் முற்றுகையில் புதுச்சேரி வீழ்ந்த நாட்களில், அவர் காலமானார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, அதில் என்ன சரக்கு, யாருக்கு என்ன வெகுமதி, ஊரில் என்ன பேச்சு என்பவற்றை அன்றன்று குறித்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அந்தக் குறிப்புகளுக்கு நடுவே வருகின்றன.

அந்த ஏடுகள் 1846இல் கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. அக்காலத்துச் சரித்திரத்தை எழுதுவோர் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். இத்தனைக்கும் அவர் இலக்கியத் தமிழில் எழுதவில்லை. கடைத்தெருவில் பேசிய தமிழிலேயே எழுதினார். "எனக்கு எழுத வராது" என்று சொல்லும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் சமூகத்திலும் உதாரணம் உண்டு. இலங்கைக் கண்டியின் அறிஞர் சித்திலெப்பை வழக்கறிஞர் தொழிலில் இருந்தவர். அவரே 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் வெளியிட்டார். தொழில் பார்த்துக்கொண்டே எழுதுவது நமக்குப் புதிய வழக்கமன்று.

கணக்கு சொல்லாதது

எழுதி வைப்பதன் அவசியத்தை நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருமறையின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி போதிக்கிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்றும் வற்புறுத்துகிறது. ஆதலால் எழுதும் பழக்கம் நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இன்னும் சில வரிகள் நீட்டுவதே நாம் செய்ய வேண்டியது.

பற்று வரவுப் புத்தகத்தில் இன்னாருக்கு அரிசி இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று இருக்கும். அந்தக் குடும்பம் அம்மாதம் ஏன் கடன் கேட்டது, எதை நம்பி நாம் கொடுத்தோம், அவர்கள் எப்படித் திருப்பிச் செலுத்தினார்கள் என்பது இராது. யாரை நம்பலாம், எப்போது சரக்கு நிறைக்கலாம், எந்த விலை ஏற்றம் நிலைக்காது என்னும் அறிவுதான் தொழிலின் முதல். நம் பிள்ளைகளுக்குக் கடையை எழுதி வைக்கிறோம். அந்த முதலையோ நம்மோடு கொண்டுபோய் விடுகிறோம்.

தீவில் நாம் இழப்பது

கேரி தீவையே எடுத்துக்கொள்வோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குத் தோட்டம் போட்ட கேரி என்ற ஆங்கிலேயர் பெயரால் தீவு அழைக்கப்படுகிறது. ரப்பர் நின்ற நிலம் இன்று செம்பனைக் காடு. தீவின் பழங்குடிகளான மாமெரி மக்கள் தங்கள் முன்னோர் கதைகளை மரத்தில் சிற்பங்களாகவும் முகமூடிகளாகவும் செதுக்கிக் காக்கிறார்கள். தோட்டத்துத் தமிழரும், அவர்களை நம்பிப் பிழைத்த கடைக்காரரும் எதில் காத்தார்கள்?

பாலம் வருமுன் சரக்கு எப்படி வந்து சேர்ந்தது? சம்பள நாளில் கடை எப்படி இருந்தது? எந்தக் குடும்பம் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது? இவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். தீவின் வழியே இப்போது விரைவுச்சாலை ஓடுகிறது. இங்கே பெரிய துறைமுகம் அமைப்பது பற்றி 2017ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் தரப்பில் பேசப்பட்டது. நிலம் மாறுவதை நாம் தடுக்க முடியாது. மாறுமுன் இருந்ததை எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.

நேரம் காணும் முறை

1. நேரத்தைத் தேட வேண்டாம், நிர்ணயம் செய்யுங்கள். எத்தனை வியாபாரம் இருந்தாலும் லுஹரும் அஸரும் தவறாமல் தொழுகிறோம். ஓய்வு கிடைத்ததாலா தொழுகிறோம்? வேளை குறிக்கப்பட்டிருப்பதால் தொழுகிறோம். எழுத்துக்கும் ஒரு வேளை குறியுங்கள். இரவில் கல்லா எண்ணி முடித்தவுடன், பேரேட்டை மூடுமுன், பத்து நிமிடம் போதும்.

2. ஐந்து வரிக்கு மேல் எழுத முயல வேண்டாம். ஆசையில் முதல் நாள் ஐந்து பக்கம் எழுதுபவர் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார். நாளுக்கு 5 வரி என்றால் வருஷத்துக்கு 1,825 வரி. பக்கத்துக்கு 25 வரி வீதம் 73 பக்கம். பத்து வருஷத்தில் 730 பக்கம்! சில்லறை சேர்ந்து முதலாவது வியாபாரிக்குத் தெரியாததா?

3. எதை எழுதுவது என்று மலைக்க வேண்டாம். இன்று கண்டது ஒன்று, கேட்டது ஒன்று, ஒரு சரக்கின் விலை, வந்துபோன ஒருவர், நாம் எடுத்த ஒரு முடிவும் அதன் காரணமும். ஐந்து வரி ஆகிவிட்டது. மேலே தேதியைப் போட மறக்கக் கூடாது.

4. ஒரு நாள் விட்டுப்போனால் அதைக் கடனாகச் சுமக்க வேண்டாம். நேற்றைய பாக்கியைச் சேர்த்து எழுத உட்கார்ந்தால் நாளைக்கு அதுவே பெரும் பாரமாகும். இன்றைய ஐந்து வரியை மட்டும் எழுதுங்கள். ஆனந்தரங்கர் குறிப்பிலும் இன்று கிடைக்காத பகுதிகள் உண்டு. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

5. குறிப்பு புறம்பேசும் ஏடாகக் கூடாது. வாடிக்கையாளர் நம்மை நம்பிச் சொன்ன வீட்டு விஷயம் அமானிதம். மகன் படித்தாலும் நாம் வெட்கப்படத் தேவையில்லாததையே எழுத வேண்டும்.

கைப்பேசியில் எழுதலாமா என்று இளைஞர் கேட்கலாம். எழுதலாம். ஆனால் கைப்பேசியைத் திறந்தால் அதில் வேறு பத்துச் செய்திகள் காத்திருக்கும்; குறித்த பத்து நிமிடம் அவற்றிலேயே போய்விடும். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கல்லாப் பெட்டியில் கிடக்கட்டும். சில்லறை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

பயிற்சி

இன்று இரவே தேதியிட்டு ஐந்து வரி எழுதுங்கள். முப்பது நாள் கழிந்தபின் அம்மாதத்துக் கணக்கையும் குறிப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கணக்கில் காணாத எதைக் குறிப்பில் கண்டீர்கள் என்று யோசியுங்கள். வீட்டிலோ கடைத்தெருவிலோ பெரியவர் ஒருவர் இருந்தால், வாரம் ஒரு முறை அவரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வாருங்கள். அவர் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.