பல் அடைக்கும் பொருள் நஞ்சா?

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். அந்தப் பல்லைக் காப்பாற்றத்தான் சொத்தைக் குழியை அடைக்கிறோம். ஆனால் அடைக்கும் பொருளே விஷம் என்ற பேச்சைக் கேட்டு, நன்றாக இருக்கும் அடைப்பையும் எடுத்துவிடச் சிலர் கிளம்புகிறார்கள். அது சரியா என்று பார்ப்போம்.

அடைப்புப் பொருள்களில் முக்கியமானவை மூன்று.

1. அமால்கம்: 'வெள்ளி அடைப்பு' என்று நாம் சொல்வது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மெல்லும்போது மிகச் சிறிதளவு பாதரச ஆவி வெளிப்படும்.

2. காம்போசிட்: பல் நிறமுள்ளது. பிசினும் கண்ணாடித் துகளும் கலந்தது; நீல ஒளி பட்டால் இறுகும்.

3. கிளாஸ் அயனோமர்: கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து இறுகுவது. ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக வெளிவிடும்.

இவை உயிரணுக்களை என்ன செய்யும்? ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்து, பொருள் ஊறிய திரவத்தை அவற்றின்மேல் விடுகிறார்கள். உயிர்த்திறன் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நச்சுத்தன்மை உண்டு என்பது ஐ.எஸ்.ஓ. 10993-5 விதி. காம்போசிட்டில் இறுகாமல் மிஞ்சும் ஹெமா, டெக்டிமா போன்ற மூலக்கூறுகள் இச்சோதனைகளில் உயிரணுக்களைப் பாதிக்கின்றன.

'இறுகாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஈரச் சிமெண்டு கொத்தனாரின் கையை அரிக்கும். காய்ந்த சுவர் ஒன்றும் செய்யாது. அதுபோலத்தான் இதுவும். மேலும் கண்ணாடித் தட்டில் உள்ள உயிரணுவுக்கு மறைப்பு இல்லை. நம் பல்லின் நரம்புக்கோ இடையில் டென்டின் என்னும் சுவர் உண்டு. ஆழமான குழியில் அந்தச் சுவர் மெலிந்திருப்பதால், அடியில் காப்புப் பூச்சு இடுவார்கள். காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அளவுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒளியில் இறுக்குவதும் இதனால்தான். மொத்தமாக வைத்து இறுக்குவதற்கென்றே செய்த வகைகளும் உண்டு.

பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் உறுதி செய்தது. 15 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோருக்கு அமால்கம் வேண்டாம் என்று உறுப்பு நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன. 2034-க்குள் அதை அறவே கைவிட 2025-இல் ஒப்புக்கொண்டன.

அதற்காகப் பழைய அடைப்பைப் பெயர்க்க ஓடவேண்டாம். பெயர்க்கும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். நல்ல பல்லும் சிறிது தேயும். உடைந்தாலோ, ஓரத்தில் மீண்டும் சொத்தை கண்டாலோ, ஒவ்வாமை இருந்தாலோ மாற்றலாம்.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'எந்தப் பொருள் வைக்கிறீர்கள்? குழி எவ்வளவு ஆழம்?' வீட்டில் கருவுற்றவர் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.