கேள்வி புரியாவிட்டால் சொல்லிவிடுவோம்



பெரிய உடல்நலக் கணக்கெடுப்புகளுக்கு முன்னால், தயாரித்த கேள்விகளைச் சில வீடுகளில் மட்டும் கேட்டுப் பார்ப்பார்கள். இதை முன்னோட்டச் சோதனை என்பார்கள். கேள்வி மக்களுக்குப் புரிகிறதா, கருவிகள் சரியாக இருக்கின்றனவா, எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையெல்லாம் அப்போது பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

ஆயத்தம் குறைந்தால் என்ன ஆகும்? 1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வில், உயரம் அளக்கும் பலகைகள் கிடைக்காததால் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் எடை மட்டுமே பதிவானது. வயதுக்கேற்ற உயரம் நம் பிள்ளைகளுக்கு இருந்ததா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை.

கேள்வியிலும் இப்படிக் குறை வரும். "உங்களுக்கு ரத்த அழுத்தம் உண்டா?" என்றால், ஒருமுறைகூட அளந்து பார்க்காதவர் "இல்லை" என்பார். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறையில், இதற்கு முன் அளந்ததுண்டா என்று முதலில் கேட்கிறார்கள். பிறகு கருவி வைத்து மூன்று முறை அளக்கிறார்கள்.

சுண்ணாம்புக்குளம் போன்ற ஏரிக்கரை ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். "போன வாரம் எத்தனை நாள் தொழிலுக்குப் போனீர்கள்?" என்று கேட்டால், பாடு முறையில் தன் முறை வராதவர் "போகவில்லை" என்பார். அதை உடல்நலக் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. ரமலானில் காலை எட்டு மணிக்கு "வெறும் வயிறா?" என்று கேட்டால், "நோன்பு" என்போம். ஆனால் ஸஹர் உணவு உண்டு சில மணி நேரமே ஆகியிருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும்.

ஆகவே, இப்படிச் சோதித்துப் பார்க்க யாராவது வந்தால்:

1. அடையாள அட்டையையும் எந்த நிறுவனம் என்பதையும் கேட்போம்.
2. புரியாத கேள்வியைப் புரியவில்லை என்போம். நாம் எப்படி விளங்கிக்கொண்டோம் என்பதையும் சொல்வோம்.
3. ஊகித்துப் பதில் சொல்ல வேண்டாம். "தெரியாது" என்பதும் பதில்தான்.
4. மற்றவர் முன் சொல்லத் தயங்கும் விஷயங்களுக்குத் தனியிடம் கேட்போம். பெண்கள், பெண் பணியாளரைக் கேட்கலாம்.
5. ரத்தம் எடுக்குமுன் காரணம் கேட்போம். விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம்.

வெளியில் தெரியாத நோய்க்கு மாத்திரையும் வராது, மருத்துவரும் வரமாட்டார். நம் ஊர் நோய்கள் சரியாகப் பதிவாக, கேள்வி திருந்தும் நேரத்திலேயே நாம் வாய் திறப்போம், இன்ஷா அல்லாஹ்.