ஒரு சைக்கிள், இரண்டு ஜோடிச் சக்கரம்

போடியில் இருந்து எந்தச் சைக்கிளில் கிளம்பினாலும் பாதி வழிக்குத்தான் அது சரியாக இருக்கும். கிழக்கே தேனி, தெற்கே தேவாரம், உத்தமபாளையம் என்று போனால் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாகத் தரைச்சாலை. மெல்லிய டயர் சும்மா பறக்கும். மேற்கே முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் சுமார் 20 கி.மீ. மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். போடிமெட்டுக்கு மேலே தார் ரோட்டை விட்டு விலகினால் ஏலத் தோட்டத்து ஜீப் பாதை. ஏலச்செடி மர நிழலில் வளர்வது. அந்த நிழல் பாதை மேலும் விழுவதால், மழை விட்டு நாலு நாள் ஆனாலும் மண் ஈரம் காயாது, கல்லில் பாசி பிடித்திருக்கும். அறுவடைக் காலத்தில் ஜீப்புகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்துவிடும். அங்கே மெல்லிய டயரைக் கொண்டுபோனால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

இதற்காக இரண்டு சைக்கிள் வைத்திருப்பவர்கள் உண்டு. நான் ஒரே ஹைபிரிட் சைக்கிளுக்கு இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்திருக்கிறேன். செலவும் குறைவு, வீட்டில் இடமும் மிச்சம். உட்காரும் உயரம், ஹேண்டில்பார் எட்டம் எதுவும் மாறாததால் உடம்புக்கும் பழகின வண்டி. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: சக்கரம் மாற்ற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் அந்த இரண்டாவது ஜோடி பரண் மேல்தான் கிடக்கும். விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்புகிற நேரத்தில் பிரேக் உரசுகிறது, கியர் தாண்டுகிறது என்று யாரும் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டுமானால் ஹப் சரியாக இருக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைக்கார அண்ணன். கோட்டம் எடுப்பதில் அவர் கை பேர்போனது. "தம்பி, ரிம்மு எதுவா இருந்தாலும் பரவாயில்ல. ஹப்பு மட்டும் ரெண்டு ஜோடியிலயும் ஒரே மாடலா வாங்கிருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. டிஸ்க் தகடு உட்காரும் இடமும் பின் பல்சக்கரம் உட்காரும் இடமும் ஹப்புக்கு ஹப்பு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் மாறும். அந்த அரை மில்லிமீட்டர் போதும், பிரேக் கட்டை தகட்டில் உரசிக் கத்துவதற்கு. ஹப் ஒன்றாக இருந்தால் ஒரு சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு மிதித்துக்கொண்டு போகலாம். ஏற்கெனவே வேறு வேறு ஹப் வைத்திருப்பவர்கள், தகட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே 0.2 மி.மீ. கனத்தில் கிடைக்கும் மெல்லிய வளையங்களை வைத்துச் சரிக்கட்டலாம். ஒரு மாலை நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் முடிகிற வேலை, ஒருமுறை செய்தால் போதும்.

ஆரக்கம்பி விஷயத்தில் நான் பழைய ஆள். மலைக்கு 32 கம்பி வைத்த சக்கரம்தான் கட்டச் சொல்வேன். 32 கம்பியில் ஒன்று தெறித்தால் சக்கரம் கொஞ்சம் ஆடும், ஆனாலும் மெதுவாக இறங்கி வீடு வந்துவிடலாம். 20, 24 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் ரிம் பிரேமில் முட்டும் அளவுக்குக் கோணிவிடும். மலைச்சாலையில் புலியூத்துப் பக்கம் அப்படி நின்றால் ஜீப்புக்குக் கை காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. சக்கரம் கட்ட, போடியில் கிடைக்காத சாமானுக்கு மதுரை போவது இப்போது சிரமமில்லை. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்ப வந்துவிட்டது. சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் ஆயிற்று.

அடுத்தது அளவு. கடைகளில் இதில்தான் ஏகப்பட்ட குழப்பம். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் அச்சடித்திருக்கும்: 28-622, 47-584 என்று. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி, 29 இன்ச் என்று இரண்டு பெயரில் விற்பதும் 622தான். 650பி, 27.5 இன்ச் என்பவை இரண்டும் 584. நம் அப்பாக்கள் ஓட்டிய 28 இன்ச் வண்டியின் டயர் 635. அது 622 ரிம்மில் நிற்கவே நிற்காது, பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும். பெயரை மறந்துவிட்டு இந்த மூன்று இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

என் தரைச் சக்கரம் 622, அதில் 28 மி.மீ. டயர். மலைச் சக்கரம் 584, அதில் 47 மி.மீ. டயர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 622-உடன் இரண்டு பக்கமும் 28 சேர்த்தால் 678. 584-உடன் இரண்டு பக்கமும் 47 சேர்த்தால் அதே 678. ரிம் சிறியதானாலும் டயர் பருத்திருப்பதால் வெளிவட்டம் மாறுவதில்லை. பெடல் தரையில் இருந்து நிற்கும் உயரம் அப்படியே இருக்கிறது, வேகமானியைத் திருத்த வேண்டாம், வளைவில் வண்டி சாயும் விதமும் பழகினபடியே இருக்கிறது. காற்று தரைச் சக்கரத்துக்கு 75 முதல் 80 பிஎஸ்ஐ, மலைச் சக்கரத்துக்கு 35. நான் 70 கிலோ. எடை கூடக் குறைய இருப்பவர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் உள்ள சைக்கிளில் இது நடக்காது. ரிம் சிறியதானால் பிரேக் கட்டைக்கு எட்டாது. அந்த வண்டிக்காரர்கள் இரண்டாவது ஜோடியையும் 622-லேயே வாங்கி, பிரேம் இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமான டயர் போட்டுக்கொள்ளலாம். இரு பக்கமும் 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் செம்மண் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

டயரைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். என் அனுபவத்தில் இரண்டாவது ஜோடியின் பெரிய லாபம் பின்னால் இருக்கும் பல்சக்கரம்தான். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு மிதிக்கு வண்டி சுமார் 2.6 மீட்டர் நகரும். பின்னால் 34 பல் ஆனால் 2.1 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தால் முதலாவதில் மணிக்கு 9 கி.மீ.க்கு மேல் போனால்தான் கால் சீராகச் சுற்றும், இரண்டாவதில் 7.7 கி.மீ. போதும். முந்தலுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலாக ஏறுகிறவனின் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் என்னவென்று தெரியும். அதனால் தரைச் சக்கரத்தில் நெருக்கமான 11-28, மலைச் சக்கரத்தில் 11-34 போட்டிருக்கிறேன். வாங்கும் முன் உங்கள் பின் கியர் மாற்றி அதிகபட்சம் எத்தனை பல்லைத் தாங்கும் என்று பாருங்கள். செயின் நீளத்தைப் பெரிய பல்சக்கரத்துக்கு அளந்து வெட்டுங்கள்.

சக்கரத்தை மாற்றி கியர் மாற்றுவது நம் கண்டுபிடிப்பும் இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரைக்கும் கியர் மாற்றிக்கு அனுமதி கிடையாது. பின் ஹப்பில் ஒரு பக்கம் ஒரு பல்சக்கரம், மறுபக்கம் இன்னொன்று. மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். இத்தாலியக்காரர் துலியோ காம்பக்னோலோ 1930-இல் காப்புரிமை வாங்கிய விரைவுப் பிடி வந்த பிறகுதான் சக்கரம் கழற்றுவது சுலபமானது.

இரண்டு பல்சக்கரத்துக்கும் ஓடுவது ஒரே செயின். தேய்ந்த செயின் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும். 0.5 சதவீதம் நீண்டதுமே செயினை மாற்றிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதிகம் ஓடிய பல்சக்கரத்தில் ஒழுங்காக ஓடும் செயின், குறைவாக ஓடியதில் ஏற்றத்தில் தாண்டும். பிரேக் தகட்டையும் இப்படியே கவனிக்க வேண்டும். ஷிமானோ தகடு புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5-க்கு வந்தால் தூக்கிப் போட வேண்டும். மலைச் சக்கரத்தின் தகடு, இறக்கத்தில் பிடித்துப் பிடித்து, சீக்கிரம் தேயும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். நடுவில் ஒரு மடித்த அட்டையைச் செருகி வையுங்கள்.

ஓடாத ஜோடியை வைத்திருக்கும் விதமும் முக்கியம். டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் பால், போடி வெயிலில் சொன்ன மாதத்துக்கு முன்பே காய்ந்து கட்டியாகிவிடும். வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றிவிட வேண்டும். தரையில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் அதிகம் என்பதால், அடிக்கடி ஓடும் தரைச் சக்கரத்தில் டியூப்லெஸ், எப்போதாவது ஓடும் மலைச் சக்கரத்தில் டியூப் என்று வைத்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு தகட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது, ஆகையால் அடுப்படிப் பக்கம் வேண்டாம். உதறிச் சுத்தம் செய்த கோணிச் சாக்குக்குள் போட்டுச் சுவரில் மாட்டினால் போதும்.

தரைச்சாலையை விட்டு எங்கும் போகாதவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே 38 மி.மீ. டயர் ஒன்றே போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை, குரங்கணி வரை தார் ரோட்டில் போய் வருகிறவருக்கு அது நல்ல தேர்வு. அதற்கு மேலே காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், தோட்டத்துப் பாதைகளுக்குத் தோட்டக்காரரின் சம்மதம் வேண்டும். சாயங்காலம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேட்டில் இருந்து வரிசையாக இறங்கும். அவை இறங்கும் நேரத்துக்கு முன்பே நீங்கள் போடி வந்து சேர்ந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல சக்கரம் வாங்கியதும் வண்டியோடு வந்த பழைய ஜோடியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம். தள்ளிவிடாதீர்கள். அதன் ஹப் என்ன மாடல் என்று குறித்துக்கொண்டு, புதிய ஜோடியை அதே மாடல் ஹப்பில் கட்டச் சொல்லுங்கள். இரண்டாவது ஜோடி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.