லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. மாற்றும் முன் வணிகர்கள் அறிய வேண்டியவை



முன்பு கல்லாப் பக்கத்தில் பேரேடும் சிட்டையும் இருந்தன. இன்று பல கடைகளில் அந்த இடத்தில் லேப்டாப் இருக்கிறது. பில், சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். ஐந்தாறு ஆண்டுகள் ஆனதும் அது மந்தமாகிவிடுகிறது. புதிதாக வாங்கலாமா என்ற யோசனை வருகிறது. பல நேரங்களில் லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே உள்ள ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே போதும். ஆனால் அதில் கை வைப்பது பேரேட்டில் கை வைப்பதற்குச் சமம். முறை தெரிந்து செய்ய வேண்டும்.

தாமதம் எதனால்?

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவோ சுமார் 5 எம்.பி.தான். இன்று அது உள்ளங்கையில் அடங்கினாலும் வேலை செய்யும் விதம் மாறவில்லை. லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு முனை முன்னும் பின்னும் நகர்ந்து பதிவைத் தேடுகிறது. கிடங்கில் ஒரே ஆள் ஒவ்வொரு மூட்டைக்கும் நடந்து போய் வருவது போன்றது இது.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. சில்லுகளில் பதிவு இருக்கும்; தேடும் நேரம் மிகக் குறைவு. பழைய டிஸ்க் வினாடிக்கு 100 எம்.பி. அளவில் படித்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. வரை படிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பில்லுக்கு 20 வினாடி வீணானால், 150 பில்லுக்கு 3,000 வினாடி, அதாவது 50 நிமிடம். அவ்வளவு நேரமும் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கிறார்.

வாங்கும் முன்

1. லேப்டாப் மாடலைச் சொல்லிப் பொருத்தமானதைக் கேளுங்கள். பழையவற்றில் 2.5 அங்குல சாட்டா வகை பொருந்தும். எம்.2 என்னும் சிறு பட்டை வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

2. பழையது 500 ஜி.பி. என்றால் புதியதும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும். 480 ஜி.பி. வாங்கினால் அப்படியே நகல் எடுக்கும்போது சிக்கல் வரலாம்.

3. பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். உத்தரவாதம் டிஸ்க்குக்கு மட்டுமே. உள்ளே உள்ள கணக்குக்கு அல்ல.

4. எஸ்.எஸ்.டி. போட்டதால் பழைய பிராசசர் புதிதாகிவிடாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்த பிறகே செலவு செய்யுங்கள்.

மாற்றும்போது

1. முதலில் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுங்கள். அதை வேறொரு கணினியில் திறந்து, கடைசி பில் எண்ணும் நிலுவைத் தொகையும் சரிதானா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

2. டாலி போன்ற மென்பொருளின் உரிமம் அந்தக் கணினியோடு பிணைந்தது. விற்பனையாளரிடம் கேட்டு, தேவையானால் உரிமத்தை முறைப்படி சரண்டர் செய்துவிட்டு, பின்னர் மீண்டும் பெறுங்கள்.

3. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

4. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கலாம். "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் கணக்குக் கோப்புகளை மட்டும் உடனே காப்பாற்றிவிட்டு, புதியதில் விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவதே நல்லது.

5. மாதக் கடைசியிலும், ரிட்டன் தாக்கல் செய்யும் நாட்களிலும், பண்டிகைக் காலத்திலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கடையிலேயே உங்கள் கண் முன் செய்யச் சொல்வது உத்தமம்.

மாற்றிய பின்

பழைய டிஸ்க்கைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் கொள்முதல் விலை, பாக்கிதாரர் பட்டியல், வங்கி விவரம் எல்லாம் இருக்கின்றன. சாதாரணமாக அழித்தாலும் மீட்டெடுக்க முடியும். சில மாதங்கள் பூட்டி வைத்திருந்து, எல்லாம் சரி என்று தெரிந்த பின் முறையாக அழிக்கலாம்.

முக்கியமான செய்தி இதுதான்: எஸ்.எஸ்.டி. வேகம் தரும், பாதுகாப்பைத் தானாகத் தராது. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் சத்தம், தாமதம் என்று முன்கூட்டியே நோய் காட்டும். எஸ்.எஸ்.டி. முதல் நாள் வரை நன்றாக ஓடி, மறுநாள் பேசாமல் நின்றுவிடலாம். அதில் தவறுதலாக அழிந்ததை மீட்பதும் கடினம். மின்சாரம் தராமல் பல ஆண்டுகள் பெட்டியில் வைத்தால் பதிவு மங்கவும் கூடும். எனவே பழைய ஆண்டுக் கணக்குகளை எஸ்.எஸ்.டி.யில் மட்டும் வைக்காதீர்கள்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஆண்டு ரிட்டனுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்பது விதி 57. "டிஸ்க் போய்விட்டது" என்று அதிகாரியிடம் சொல்வது பதிலாகாது. கடன் பாக்கி வைத்தவரிடம் காட்டவும் நம்மிடம் வேறு சான்று இருக்காது.

ஆகவே கணக்கு மூன்று பிரதியாக இருக்கட்டும்: ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று கடைக்கு வெளியே வீட்டிலோ ஆடிட்டரிடமோ. இரவு கல்லாவை எண்ணிக் கட்டுவது போல, பேக்கப் எடுப்பதும் கடை அடைக்கும் வேலைகளில் ஒன்றாக ஆகட்டும்.