உங்கள் நாடியை நீங்களே எண்ணுங்கள்

வண்ணாத்திவில்லு, எழுவன்குளம், கரைத்தீவுப் பகுதிகளிலிருந்து புத்தளத்துக்குக் கிளினிக் செல்லும் இருதய நோயாளியை வைத்தியர் காண்பது பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு முறையே. மற்ற நாட்களில் இருதயம் எப்படி வேலை செய்தது என்பதை அவருக்கு யார் சொல்வது? நோயாளியே சொல்லலாம். அதற்கு வேண்டியவை செக்கன் முள்ளுள்ள ஒரு மணிக்கூடும் ஒரு கொப்பியும் மட்டுமே.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சித்த, யுனானி வைத்தியர்கள் நாடி பிடித்து நோயை அறிவார்கள். நாம் பழகப்போவது அதுவல்ல. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, அது ஒழுங்காக வருகிறதா என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறோம்.

செய்முறை

1. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். வேலை செய்த கையோடும், தேநீர் குடித்த, புகைபிடித்த உடனேயும் எண்ண வேண்டாம்.

2. உள்ளங்கையை மேலே திருப்பி, பெருவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் மற்றக் கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பார்க்கக்கூடாது. அதற்கும் துடிப்பு உண்டு, கணக்குத் தவறும்.

3. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். திகதி, நேரம், எண்ணிக்கை, ஒழுங்கா இல்லையா என்பதைக் கொப்பியில் எழுதுங்கள்.

கற்றுக்கொடுப்பவர் நோயாளியின் மற்றக் கையில் அதே நிமிடத்தில் எண்ண வேண்டும். இரு எண்ணிக்கைகளும் ஒத்துவரும்வரை திரும்பச் செய்யுங்கள். எழுதத் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.

நாடி சொல்வது என்ன?

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை வழமையானது. அட்டெனலோல் போன்ற குளிசைகள் துடிப்பைக் குறைக்கும். ஆகவே உங்களுக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்டு, கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். டிகொக்சின் எடுப்பவர், நாடி 60க்குக் குறைந்தால் அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். எந்தக் குளிசையையும் தாமாகவே நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

துடிப்பு தாறுமாறாக வந்தால், அது புதிதாகத் தொடங்கியதென்றால், அடுத்த கிளினிக் வரை காத்திராதீர்கள். இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காதபோது அங்கே இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். சிறு வயதில் வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதடைந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நேரத்தோடு கண்டால் இரத்தம் உறையாமல் தடுக்க மருந்து உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். நாடி சரியாக இருந்தாலும் மாரடைப்பு வரலாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்வு என்றால் எண்ணிக்கொண்டிராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

கலந்துரையாடலுக்கு

உங்கள் கிராமத்தில் இருதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் நாடி எண்ணத் தெரிந்தவர் யார்? தெரிந்த ஒருவர் மற்றவருக்கு எப்போது கற்றுக்கொடுப்பார்?