மிளகு இறங்கிய வழியில் மிதிவண்டி

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் காலை ஆறு மணிக்கு நடந்தால், கிடங்குகளின் கதவுகள் திறக்கும் முன்னரே மிளகும் சுக்கும் மணக்கும். இச்சாலையில் அன்றாடம் அலுவலகம் சென்று வரும் நமக்கு அந்த மணம் பழகிவிட்டது. ஆயினும் இந்த மிளகு எவ்வழியாக இங்கு வந்தது என்னும் கேள்வி எங்கள் கிளையில் பணிபுரியும் நால்வருக்கு ஒரு மழைக்கால மாலையில் எழுந்தது. விடையை நூல்களில் மட்டும் தேடாமல் மிதிவண்டியில் ஏறித் தேடுவது என்று முடிவு செய்தோம். அப்பயணத்தில் கற்றவற்றை, மலைச் சாலையில் மிதிவண்டி ஓட்ட விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பாடமாக இங்கே தருகிறோம்.

புறப்படும் இடமே ஒரு வரலாற்றுப் பாடம். போர்த்துக்கீசியர் 1555 அளவில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்து, 1663இல் டச்சுக்காரர் பழுதுபார்த்த அரண்மனை. அதன் அருகே 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயம். 1957இல் மிளகு வணிகத்திற்கென அமைந்த சங்கத்தின் கட்டடம். வணிகவியல் மாணவர்கள் ‘முன்பேர ஒப்பந்தம்’ என்று ஏட்டில் படித்ததை, இச்சங்கத்தின் கூடத்தில் வணிகர்கள் பல்லாண்டுகள் உரக்கக் கூவியே நடத்தினர். சற்றுத் தொலைவில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் சலவைத்துறை இன்றும் இயங்குகிறது. இவை யாவும் ஒரு மணி நேர மிதிவண்டிப் பயணத்துக்குள் அடங்கும். தரையும் சமதளமாதலால் புதிதாக ஓட்டத் தொடங்குவோர் இங்கேயே சில வாரம் பழகலாம்.

மிளகின் வழியோ கிழக்கே, பெரியாற்றை ஒட்டிச் செல்கிறது. கொச்சித் துறைமுகத்தை ஆக்கியதே அந்த ஆறுதான். 1341இல் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையை மணலால் மூடி, கொச்சியின் முகத்துவாரத்தை அகலப்படுத்தியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதே பெரியாற்றுப் படுகைதான் 1924 ஜூலையில் மலைச் சாலையையும் அழித்தது. மலையாள ஆண்டு 1099இல் நேர்ந்ததால் மக்கள் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்கின்றனர். அதற்கு முன்னர் ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றுக்கு ஒரு சாலை இருந்தது. வெள்ளத்தில் கரிந்திரி மலை சரிந்து அச்சாலை துண்டாயிற்று. மூணாற்றில் ஓடிய குண்டளை பள்ளத்தாக்கு இரயில் பாதையும் அத்தோடு முடிந்தது. பின்னர் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் குறுக்கே வளைவுப் பாலம் கட்டப்பட்டு 1935இல் திறக்கப்பட, போக்குவரத்து அடிமாலி வழிக்கு மாறியது. இன்று கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இதுவே. மூணாறு, போடிமெட்டு வழியாக நம் போடிநாயக்கனூருக்கு இறங்கி மதுரை செல்வதும் இதுவே.

சுற்றுலாப் பேருந்துகள் நெருக்கும் நெடுஞ்சாலையை எம்மால் பரிந்துரைக்க இயலாது. கைவிடப்பட்ட பழைய வழியில் எஞ்சிய பகுதியே அமைதியானது. கோதமங்கலத்திலிருந்து தட்டேக்காடு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அங்கிருந்து குட்டம்புழா, பின்னர் பூயங்குட்டி. பூயங்குட்டிக்கு அப்பால் வனத்துறையின் இசைவின்றிச் செல்ல இயலாது. தட்டேக்காட்டில் சலீம் அலியின் பெயரால் 1983இல் அமைந்த பறவைகள் சரணாலயம் 25 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தீபகற்ப இந்தியாவிலேயே பறவை வளம் மிக்க இடம் என்று அவர் இதைப் போற்றினார். மகிழுந்தில் செல்வோர் கேளாத பறவை ஒலிகளை மிதிவண்டியில் செல்வோர் கேட்கலாம். கோதமங்கலத்தில் 1685இல் வந்து மறைந்த பசேலியோஸ் எல்தோவின் கல்லறை உள்ள தேவாலயமும் காணத்தக்கது. கன்னி மாதத் திருவிழாவிற்கு மலைநாட்டு மக்கள் இன்றும் கால்நடையாக இறங்கி வருகின்றனர்.

இனி ஏற்றத்தின் கணக்கைப் பார்ப்போம். சாலையின் சரிவை விழுக்காட்டில் சொல்வது வழக்கம். நூறு மீட்டர் செல்லும்போது ஐந்து மீட்டர் உயர்ந்தால் அது 5 விழுக்காடு. வட்டி விகிதம் போன்றே இதுவும் எளிதாகத் தோன்றி ஏமாற்றும். பத்து கிலோமீட்டரில் 300 மீட்டர் உயரும் சாலையின் சராசரி 3 விழுக்காடுதான். ஆனால் அதில் எட்டு கிலோமீட்டர் ஏறக்குறைய சமதளமாகவும், இரண்டு கிலோமீட்டர் 10 விழுக்காட்டுக்கு மேலாகவும் இருக்கக்கூடும். கணக்கின் சராசரி இருப்பை மட்டும் பார்த்து, இடையில் ஒரு நாள் இருப்பு வற்றியதைக் காணாமல் விடுவது போன்றது இது. ஆகவே வரைபடத்தில் சராசரியைப் பாராமல், மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டரையே முதலில் பாருங்கள்.

சமதளத்தில் நமக்கு எதிரி காற்று. ஏற்றத்தில் எதிரி எடை. ஓட்டுநரும் வண்டியும் பையும் சேர்ந்து 85 கிலோ எனக் கொள்வோம். 5 விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 93 வாட் ஆற்றல் வேண்டும். வேகத்தை இரட்டித்தால் இந்த ஆற்றலும் இரட்டிக்கும். நாற்பதைக் கடந்த எங்களைப் போன்றோர் முதல் எண்ணோடு நிறைவு கொள்வதே நலம். அவ்வாறு மெல்ல ஏறுவதற்கு வண்டியின் பற்சக்கரம் இடம் தர வேண்டும். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள சாதாரண மிதிவண்டி, ஒருமுறை மிதித்தால் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். மணிக்கு 8 கிலோமீட்டரில் நிமிடத்திற்கு 25 சுற்று மட்டுமே மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியும் முழங்காலை வருத்தும். முன்னும் பின்னும் 34 பற்கள் அமைந்த கியர் வண்டியில் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் அளவே நகர்வதால், அதே வேகத்தில் 60 சுற்றுக்கு மேல் இலகுவாக மிதிக்கலாம். விலையுயர்ந்த எடை குறைந்த சட்டத்தைத் தேடுவதைவிடப் பின் பற்சக்கரத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்வது மிகக் குறைந்த செலவு. கடன் வாங்கி வண்டி வாங்க வருவோரிடம் நாங்கள் இதைச் சொல்வதுண்டு; எங்கள் கிளையின் கடன் இலக்குக்கு இது உதவாது என்பது வேறு.

இறக்கமே உண்மையான இடர். அதே 85 கிலோ 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 90 பாகை வரை சூடாக்கப் போதுமானது. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. ஆகையால் பிரேக்கை இடைவிடாமல் அழுத்தி உரசிக்கொண்டே இறங்கலாகாது. வளைவுக்கு முன்னரே இரண்டு பிரேக்குகளையும் நன்கு அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். முன் பிரேக்கே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அதைக் கண்டு அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் பிடிப்போர் ஈரச் சாலையில் சறுக்குகின்றனர். மழையில் சக்கர விளிம்பு நனைந்திருந்தால் முதல் சில சுற்றுகளுக்கு பிரேக் பிடிக்காது. அந்தத் தொலைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் புட்டும் கடலையும், வழியில் மணிக்கொரு நேந்திரம் பழம், அரை லிட்டருக்குக் குறையாத நீர். காட்டோரக் கடைகளில் கைபேசிச் சமிக்ஞை கிட்டாத இடங்கள் உண்டு. ஆகவே சில்லறை நோட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியாளர்களே இதைச் சொல்வது விந்தையாக இருக்கலாம். புறப்படுமுன், சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் மட்டும் பற்று வைக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா எனப் பாருங்கள். 18 முதல் 70 வயது வரை உள்ளோர் சேரலாம். விபத்தில் உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால் இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். ஜூன் முதல் மே வரையே அதன் ஆண்டு என்பதால், மே இறுதியில் கணக்கில் இருப்பு இருத்தல் அவசியம்.

யானைகள் நடமாடும் பகுதி இது. மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது அழகுதான். ஆனால் வளைவுக்கு அப்பால் நிற்கும் யானைக்கு நம் வரவு தெரியாமல் போவதும் அதனால்தான். வளைவுகளில் மணியை அடியுங்கள். அதிகாலை இருளிலும் மாலை மங்கிய பின்னும் அங்கே சாலையில் இருக்கலாகாது.

நாங்கள் சென்றது ஓர் அக்டோபர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறையாதலால் இரண்டு நாள் கிட்டியது. முதல் நாள் கோதமங்கலத்தில் தங்கினோம். ஞாயிறு காலை பத்து மணியளவில் பூயங்குட்டியை அடைந்து, மணிகண்டன்சால் செல்லும் தரைப்பாலத்தைக் கடந்தோம். அங்குள்ளோர் அதைச் சப்பாத்து என்பர். மழைக்காலத்தில் அது மூழ்கினால் அக்கரை ஊர்கள் தனித்துப்போகும் என்பதை அறிந்தே சென்றோம். ஆனால் வானம் வெளுத்திருந்தது. நீர் பாலத்திற்கு ஒரு முழம் கீழே ஓடியது. அக்கரைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது கிழக்கு மலை கறுத்தது. கடைக்காரச் சேச்சி, “சாறே, மேலே மழை பெய்கிறது, இப்போதே போய்விடுங்கள்” என்றார். நாங்கள் இன்னொரு தேநீர் கேட்டோம். நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளியும் விழவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது, பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குச் செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் காசுப் பிரிவு அலுவலர் மிதிவண்டியைத் தோளில் தூக்கினார். காரணம் இருந்தது. வங்கியின் பணப்பெட்டக அறையை இருவர் இரு சாவிகளால் இணைந்தே திறக்க வேண்டும். அவற்றுள் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. திங்கள் காலை அவர் இல்லையேல் கிளையில் பணப் பட்டுவாடா தொடங்காது.

“சார், கணுக்கால் தண்ணீர்தானே?” என்றார்.

பாலத்தின் விளிம்பு எது என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. ஓடும் நீர் முழங்காலை எட்டினால் வளர்ந்த மனிதனையே சாய்த்துவிடும். தோளில் வண்டியும் இருந்தால் அவ்வளவுகூட வேண்டியதில்லை. 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் படகு மூழ்கிப் பள்ளிச் சிறுவர்கள் உட்பட 18 பேர் மறைந்த ஆறு இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. எங்களுள் மூத்தவர் அவருடைய வண்டியின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. இருவரும் சற்று நேரம் பேசிக்கொள்ளவே இல்லை. அரை மணிக்குள் பாலம் இருந்த தடயமே மறைந்தது.

அன்றிரவு அந்தக் கடையின் திண்ணையில் கழிந்தது. சேச்சி கஞ்சியும் பயறும் தந்து, பணம் வாங்க மறுத்தார். மேட்டில் ஏறிச் சமிக்ஞை கிடைத்த இடத்திலிருந்து மேலாளரை அழைத்தோம். திங்களன்று முறைப்படி மாற்றுச் சாவிக்கு ஏற்பாடாகி, கிளை ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் பணம் வழங்கியது. காத்திருந்த வாடிக்கையாளர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். காசுப் பிரிவு அலுவலர் விளக்கக் கடிதம் எழுதினார்; அதில் காரணம் என்னும் இடத்தில் ‘தண்ணீர்’ என்று மட்டுமே இருந்தது.

திங்கள் ஒன்பது மணிக்கு நீர் வடிந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே இவ்வழிக்கு உகந்த காலம் என்று சேச்சி சொல்லி அனுப்பினார். கோதமங்கலத்தில் மிதிவண்டிகளை விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பினோம். நான்காம் சனிக்கிழமையன்று சென்று அவற்றை எடுத்து வந்தோம்.