வியர்வையும் உடலின் சமநிலையும்

விடியுமுன் பெரட்டு முடிந்து, நெற்றி விளக்குடன் நாம் நிரையில் இறங்குவதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் நீரை நிரப்பிக்கொண்ட பால்மரத்தின் பட்டையில் அப்பொழுதுதான் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் தளர்ந்து பால் குறைந்துவிடும். மரத்தின் நீர்க்கணக்கை இவ்வளவு நுட்பமாக அறிந்த நாம், நமது உடலின் நீர்க்கணக்கை அறிந்திருக்கிறோமா?

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கேமரன் மலையின் குளிரிலும் கெடாவின் வெயிலிலும் அஃது அவ்வளவே. உடல் தன் உள்நிலையை இவ்வாறு காத்துக்கொள்வதற்கு அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1926ஆம் ஆண்டில் 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டார். அகச் சமநிலை என நாம் கூறலாம்.

பால் வாளிகளைச் சுமந்து நடக்கையில் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. மூளையின் அடிப்பகுதியில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் அதனை உணர்ந்து, தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது; வியர்வைச் சுரப்பிகளை முடுக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். ஆவியாக வேண்டும் என்பதே இங்கு முக்கியம். காற்றில் ஈரம் நிறைந்த நம் நாட்டில் வியர்வை பெரிதும் சொட்டி வீணாகிறது; உடல் போதிய அளவு குளிர்வதில்லை, நீர் மட்டும் போகிறது. களைக்கொல்லி மருந்தடிப்போரின் காப்புடைக்குள்ளும் இதே நிலைதான். அதற்காக உடையைக் கழற்றுவது தகாது. வெயிலுக்கு முன்பே வேலையை முடித்து, இடையிடையே நிழலில் இளைப்பாற வேண்டும். நிர்வாகமும் அதற்கு இடந்தர வேண்டும்.

நீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. உடனே மூளை தாகத்தை எழுப்புகிறது. நீரைச் சேமிக்குமாறு ஹார்மோன் ஒன்றின் வாயிலாகச் சிறுநீரகங்களுக்குக் கட்டளையிடுகிறது. நண்பகலில் சிறுநீர் அடர்மஞ்சளாகச் செல்வது அச்சேமிப்பின் அடையாளம். தாகமோ சற்றுத் தாமதமாகவே வரும் தூதுவன். காலையில் ஒரு குவளை கோப்பி-ஓ மட்டும் அருந்திவிட்டு நண்பகல்வரை சமாளிப்போர் நம்மில் பலர். அவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுசென்று சிறிது சிறிதாகப் பருகுதல் நலம். வியர்வையோடு வெளியேறும் உப்பை, உப்பிட்ட கஞ்சியும் ரசமும் ஈடுசெய்யும்.

இச்சமநிலை முறிவதும் உண்டு. தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை முன்னறிவிப்புகள். பேச்சுக் குழறி, புத்தி தடுமாறி, உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு; உயிருக்கே ஆபத்து. 'காற்றுக் கருப்பு அடித்துவிட்டது' என்று வேப்பிலை தேடிக்கொண்டிருக்கலாகாது. அவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். நினைவு தவறியவர் வாயில் நீர் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருவர் 999 எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேட்கட்டும். அது வரும்வரை மற்றவர்கள் நீரூற்றுவதை நிறுத்தலாகாது.